எத்தனை இன்ச் ஸ்கிரீன்? கடைக்குப் போகும் முன் ஒரு தையல் டேப் எடுத்துக்கொள்ளுங்கள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்து, காலேஜ் அட்மிஷனும் முடிந்து, ஜூன் மாதம் பிறந்துவிட்டால் எங்கள் கடைக்கு ஒரு புதுக் கூட்டம் வரும். வேலூர் லாங் பஜார் பக்கத்துச் சந்தில் கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், விசிட்டிங் கார்டு டைப் செய்து கொடுக்கிற சின்ன டிடிபி கடை எங்களுடையது. இந்தக் கூட்டம் பத்திரிகை அடிக்க வருவதில்லை. ‘அந்தக் கடைக்காரருக்குக் கம்ப்யூட்டர் தெரியும்’ என்று யாரோ கை காட்டியிருப்பார்கள், அவ்வளவுதான்.

போன வருஷம் அணைக்கட்டுப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். உட்காரக்கூட இல்லை. “இன்னா சார், பையனுக்கு லேப்டாப் வாங்கணும். பதினாலு இன்ச் போதும்ன்றான் இவன். கடையில கேட்டா பதினஞ்சரை வாங்கு, பெருசுதான் நல்லதுன்றாங்க. எது வாங்கறது?”

நான் மேஜை டிராயரிலிருந்து தையல் டேப்பை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். அன்றைக்கு அவருக்கும் பையனுக்கும் ஒரு மணி நேரம் சொன்னதைத்தான் இங்கே வரிசைப்படுத்தி எழுதுகிறேன். லேப்டாப், போன், டேப்லெட், மானிட்டர் எது வாங்குவதாக இருந்தாலும், முதல் தடவை வாங்குகிறவர்களுக்கு இது உதவும்.

முதல் வேலை: இன்ச் எதை அளக்கிறது என்று தெரிந்துகொள்வது

பெட்டியில் போட்டிருக்கிற இன்ச், திரையின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குக் குறுக்காக அளந்த அளவு. ஒரு இன்ச் என்றால் 2.54 சென்டிமீட்டர். ஓரத்தில் இருக்கும் கறுப்புச் சட்டம் கணக்கில் வராது, படம் தெரிகிற பகுதி மட்டும்தான். ஆரம்ப கால டிவிகளில் படக்குழாய் வட்டமாக இருந்தது. வட்டத்துக்கு விட்டத்தைச் சொன்னால் போதும். குழாய் சதுரமாக மாறிய பிறகும் ஒரே ஒரு எண்ணைச் சொல்கிற பழக்கம் போகவில்லை, விட்டம் இருந்த இடத்துக்குக் குறுக்களவு வந்துவிட்டது.

அணைக்கட்டுக்காரரிடம் இப்படிக் கேட்டேன்: “நிலம் வாங்கும்போது மூலைக்கு மூலை அளந்து விலை பேசுவீங்களா?” அவர் சிரித்துவிட்டார். “ரோடு மாதிரி நீட்டமா கிடக்கிற துண்டு நிலமும் மூலைக்கு மூலை அளந்தா பெருசாத்தான் சார் தெரியும். நீளம், அகலம் பார்த்துத்தான் சென்ட் கணக்கு.” ஸ்கிரீனுக்கும் அதே கணக்குதான்.

எங்கள் கடையில் இன்னும் ஒரு பழைய 15 இன்ச் தட்டை மானிட்டர் பரணில் இருக்கிறது. அகலத்துக்கு நாலு பங்கு, உயரத்துக்கு மூன்று பங்கு என்ற பழைய வடிவம். அளந்தால் அகலம் 30.5 சென்டிமீட்டர், உயரம் 22.9. இப்போது கடைகளில் நிறையப் பார்க்கிற 15.6 இன்ச் லேப்டாப்பில் அகலம் 34.5, உயரம் 19.4. சதுரக் கணக்குப் போட்டால் பழையது 108 சதுர இன்ச், புதியது 104. எண்ணில் கூடியிருக்கிறது, இடத்தில் குறைந்திருக்கிறது. உயரத்தில் மட்டும் மூன்றரை சென்டிமீட்டர் போச்சு.

போனில் இந்த வேடிக்கை இன்னும் அதிகம். ஏழெட்டு வருஷத்துக்கு முந்தைய 5.5 இன்ச் போன் ஏதாவது வீட்டில் கிடந்தால் எடுத்து அளந்து பாருங்கள். திரையின் அகலம் ஏறக்குறைய 6.9 சென்டிமீட்டர் இருக்கும். இன்றைய நீட்டுப் போக்கான 6.5 இன்ச் போனில் 6.8தான். ஒரு இன்ச் கூடின போன், அகலத்தில் ஒரு மில்லிமீட்டர் குறைந்திருக்கிறது! கூடியது முழுக்க உயரத்தில்: அது 12, இது 15 சென்டிமீட்டர்.

ஆகவே கடையில் இன்ச் சொன்னதும், அடுத்துக் கேட்க வேண்டியது ‘ரேஷியோ என்ன?’ அதாவது அகலத்துக்கு எத்தனை பங்கு, உயரத்துக்கு எத்தனை பங்கு. லேப்டாப் என்றால் 16:9, 16:10, 3:2 இந்த மூன்றில் ஒன்றைச் சொல்வார்கள். அவர்களுக்கே தெரியவில்லையென்றால் டேப் இருக்கிறதே, அகலமும் உயரமும் அளந்துவிடலாம். நான் அளந்தபோது இதுவரை எந்தக் கடைக்காரரும் தடுத்ததில்லை. விநோதமாகப் பார்ப்பார்கள், அது பரவாயில்லை.

ஏன் இப்படி மாறிக்கொண்டே இருக்கிறது?

வாங்குவதற்கு இது தெரிந்திருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. அவசரம் என்றால் அடுத்த பகுதிக்குத் தாவிவிடலாம். ஆனால் காரணம் தெரிந்தால் கடைக்காரர் பேச்சில் எது உண்மை, எது வியாபாரம் என்று பிடிபடும்.

கையில் தூக்கிக்கொண்டு போகலாம் என்று சொல்லி 1981-ல் வந்த ஆஸ்பார்ன் கம்ப்யூட்டரில் திரை வெறும் 5 இன்ச். பெட்டியின் எடை ஏறக்குறைய 11 கிலோ! அரை மூட்டை அரிசிக்குக் கொஞ்சம்தான் குறைவு. 1984-ல் ஆப்பிளின் முதல் மேக்கின்டாஷ் 9 இன்ச். நான் தொழிலுக்கு வந்தபோது மேஜையில் இருந்தது 14 இன்ச் குழாய் மானிட்டர், அதிலும் கண்ணுக்குத் தெரிவது 13 இன்ச் சுமார்தான். பின்பக்கம் பிதுங்கி மேஜையில் பாதியை அடைத்துக்கொள்ளும். கண்ணாடிக் குழாயை அகலமாக்க அகலமாக்க ஆழமும் எடையும் சேர்ந்து ஏறும், அதனால் பெரிய திரை என்பது பணக்காரச் சமாசாரமாகவே இருந்தது. எல்சிடி தட்டைத் திரை மலிவானதும் அந்தத் தடை உடைந்தது.

அப்புறம் லேப்டாப்புகளின் வடிவம் மாறியது. 4:3 போய் 16:10 வந்தது. 2008-க்குப் பிறகு ஓரிரு வருஷத்தில் பெரும்பாலான லேப்டாப்புகள் 16:9-க்குப் போய்விட்டன. எழுதுகிறவர்களும் கணக்குப் பார்க்கிறவர்களும் கேட்டு வந்த மாற்றம் இல்லை இது. டிவிக்காக 16:9 வடிவத்தில் பேனல்கள் மலைமலையாகத் தயாராகிக்கொண்டிருந்தன. பெரிய கண்ணாடித் தகட்டிலிருந்து வீணாகாமல் வெட்டி எடுக்க எல்லாம் ஒரே வடிவமாக இருந்தால் தொழிற்சாலைக்கு லாபம். தையல்காரர் துணியில் அளவு போடுகிற கணக்குதான். படம் பார்க்க நன்றாக இருந்தது. கடிதம் டைப் செய்யும்போது இரண்டு பக்கமும் வெறும் இடம் கிடக்க, மேலும் கீழும் இடம் போதாமல் உருட்டிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது.

இந்தச் சில வருஷங்களாக அந்தச் சக்கரம் திரும்புகிறது. ஆப்பிள் மேக்புக்குகள் பெரும்பாலும் 16:10 பக்கமே இருந்தன. மைக்ரோசாஃப்ட் 2014-ல் சர்ஃபேஸ் புரோ 3-ஐ 3:2 வடிவில் கொண்டுவந்தது. இப்போது மற்றவர்களும் 16:10-க்குத் திரும்பிக்கொண்டிருக்கிறார்கள். அதனால்தான் 15.6 இருந்த இடத்தில் 16 இன்ச் என்ற எண்ணைப் பார்க்கிறீர்கள். 16:10 வடிவ 16 இன்ச் திரையின் அகலம் 34.5, அதாவது 15.6-க்கு இருக்கிற அதே அகலம். உயரம் மட்டும் 2 சென்டிமீட்டர் கூடுதல். திரையைச் சுற்றியிருந்த தடிமனான கறுப்புச் சட்டம் மெலிந்துவிட்டதால் அந்த 2 சென்டிமீட்டர் வெளியில் தெரியாமல் உள்ளேயே அடங்கிவிடுகிறது. இந்த மாற்றம் உண்மையிலேயே நமக்கு லாபம் என்பது என் கட்சி.

போன் கதை வேறு. 2007-ல் முதல் ஐபோன் 3.5 இன்ச். 2011-ல் சாம்சங் 5.3 இன்ச்சில் கேலக்ஸி நோட் கொண்டுவந்தபோது, தட்டைக் காதில் வைத்துப் பேசுவதா என்று கிண்டல் செய்தவர்கள் ஏராளம். நானும்தான். ஆனால் போன் பேசுவதற்கு என்றிருந்தது போய்ப் பார்ப்பதற்கு என்றாகிவிட்டது, திரை வளர்ந்தது. கை வளரவில்லை. உள்ளங்கை பிடிக்கிற அகலத்துக்கு ஒரு எல்லை உண்டு, ஏழு சென்டிமீட்டரைத் தாண்டினால் கட்டைவிரல் எட்டாது. அதனால் 2017 வாக்கில் தொடங்கி எல்லோரும் அகலத்தை விட்டுவிட்டு உயரத்தை இழுக்க ஆரம்பித்தார்கள். வெள்ளரிப்பிஞ்சு முற்றி நீண்ட மாதிரி. ஆப்பிள் 2020-லும் 2021-லும் 5.4 இன்ச்சில் மினி என்று சின்ன போன்கள் விட்டுப் பார்த்தது. 2022-ல் அந்த வரிசையையே நிறுத்திவிட்டு அந்த இடத்தில் 6.7 இன்ச்சைக் கொண்டுவந்தது. சின்ன போன் வேண்டும் என்று சொல்கிறவர்கள் நிறைய, வாங்கியவர்கள் குறைவு என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

போன் பெரிதானதும் அடி வாங்கியது 7 இன்ச் டேப்லெட். 2011-ல் மத்திய அரசு மாணவர்களுக்கென்று அறிமுகப்படுத்திய ஆகாஷ் ஞாபகம் இருக்கிறதா? அதுவும் 7 இன்ச்தான். இன்றைக்குச் சட்டைப்பையில் இருக்கிற போனே அந்தப் பக்கம் நெருங்கிவிட்டது, அந்த அளவுக்கு வேலையில்லாமல் போனது. டேப்லெட்டுகள் 10, 11 என்று மேலே ஏறிவிட்டன. அதேபோல 2007-ல் 7 இன்ச்சில் வந்து பரபரப்பான ஏசுஸ் ஈ பிசி போன்ற குட்டி லேப்டாப்புகளும் காணாமல் போயின. அதே 2011-ல் தமிழக அரசு பிளஸ் டூ மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்க ஆரம்பித்தபோது 14 இன்ச் எங்கள் மாவட்டத்துக் கிராமங்களுக்குள் எல்லாம் புகுந்தது. அணைக்கட்டுப் பையன் ‘பதினாலு போதும்’ என்றதற்கும் அவன் அக்காவின் பழைய இலவச லேப்டாப்தான் காரணம் என்று பிறகு சொன்னான்.

மடிக்கிற போன்களும் வந்துவிட்டன. 2019-ல் வந்த முதல் கேலக்ஸி ஃபோல்டைப் பிரித்தால் உள்ளே 7.3 இன்ச். கைக்கு அகலம் போதாது என்ற பிரச்சினைக்கு அது ஒரு பதில். விலையைப் பார்த்தால் முதல் தடவை வாங்குகிறவர்களுக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

இரண்டாவது வேலை: ஒரு ஏ4 பேப்பரை மடித்து எடுத்துப் போங்கள்

இது பத்திரிகைத் தொழிலில் இருந்து நான் கற்ற உபாயம். நீங்கள் படிக்கப்போவதில் பெரும்பகுதி ஏ4 பேப்பருக்காகத் தயாரானவை: காலேஜ் நோட்ஸ் பிடிஎஃப், ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட், பட்டா, அரசாணை, பேங்க் ஸ்டேட்மென்ட். ஏ4 அகலம் 21 சென்டிமீட்டர், உயரம் 29.7. அந்தப் பேப்பரைத் திரையின் மேல் வைத்துப் பார்த்தால் இன்ச் சொல்லாத விஷயங்களையெல்லாம் அது சொல்லிவிடும்.

போனில் வையுங்கள். போனின் அகலம் பேப்பரில் மூன்றில் ஒரு பங்கு கூட இல்லை. அப்படியென்றால் 12 பாயின்ட்டில் (பாயின்ட் என்பது அச்சில் எழுத்தின் சைஸைச் சொல்கிற அளவு) அடித்த எழுத்து போனில் முழுப்பக்கமாகத் தெரியும்போது 4 பாயின்ட்டுக்கும் கீழே போய்விடுகிறது. நோட்டீஸின் அடியில் அச்சகத்தின் பெயரைக்கூட நாங்கள் அந்தச் சைஸில் போடுவதில்லை! சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு எதிரே காந்தி ரோட்டில் நடந்தால், ஊர் ஊராய் வந்தவர்கள் டாக்டர் சீட்டையும் ரிப்போர்ட்டையும் போனில் வைத்து இரண்டு விரலால் விரித்து விரித்துப் பார்த்துக்கொண்டு நிற்பதைப் பார்க்கலாம். அவர்களுக்கு ஒரு சின்ன வழி: ஆட்டோ ரொட்டேட்டை ஆன் செய்துவிட்டு போனைப் படுக்கவாட்டில் திருப்புங்கள். அகலம் 15 சென்டிமீட்டர் ஆகிவிடும், அதே எழுத்து எட்டரை பாயின்ட்டாகத் தெரியும். கண்ணாடி போட்டால் படித்துவிடலாம்.

10.1 இன்ச் டேப்லெட்டைப் படுக்கவாட்டில் பிடித்தால் அகலம் 21.7 சென்டிமீட்டர். ஏ4 அகலம் அப்படியே அசல் சைஸில் உட்காரும், உயரத்தில் பாதிப் பக்கம்தான் தெரியும். படிக்க மட்டும் வேண்டும், டைப் செய்யும் வேலை இல்லை என்கிறவர்களுக்கு இது லேப்டாப்பை விட நல்லது.

14 இன்ச்சோ 15.6-ஓ, எந்த லேப்டாப்பிலும் ஏ4 முழுப்பக்கம் அசல் உயரத்தில் தெரியவே தெரியாது. உயரம் 17-க்கும் 20-க்கும் இடையில்தான் இருக்கிறது. அதில் மேலே மெனு, கீழே டாஸ்க்பார் போனால் அரைப் பக்கம் மிஞ்சும். இங்கேதான் அணைக்கட்டுக்காரரின் கேள்விக்குப் பதில் இருக்கிறது. 16:9 வடிவ 15.6-ன் உயரம் 19.4. 16:10 வடிவ 14-ன் உயரம் 18.8. வித்தியாசம் ஆறு மில்லிமீட்டர். அந்த ஆறு மில்லிமீட்டருக்காகப் பையன் தினமும் கால் கிலோவோ அதற்கு மேலோ கூடுதலாகச் சுமக்க வேண்டுமா? அகலம் 4 சென்டிமீட்டர் கூடும், அது எக்செல் போடுகிறவர்களுக்கு உதவும். கட்டுரையும் புரோகிராமும் எழுதுகிற காலேஜ் பையனுக்கு உயரம்தான் முக்கியம்.

மேஜை மானிட்டர் என்றால் என் பதிலில் தயக்கமே இல்லை: 24 இன்ச். 16:9 வடிவில் அதன் உயரம் 29.9 சென்டிமீட்டர், ஏ4-ஐ விட இரண்டு மில்லிமீட்டர் கூடுதல். அகலம் 53. இரண்டு ஏ4 பேப்பரைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் 42 போக இன்னும் 11 சென்டிமீட்டர் மிச்சம் இருக்கும், அதில் எங்கள் டூல்பாரெல்லாம் உட்கார்ந்துகொள்ளும். 21.5 இன்ச்சில் உயரம் 26.8, பேப்பர் மூன்று சென்டிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். விலை வித்தியாசம் அதிகம் இருக்காது.

மூன்றாவது வேலை: புள்ளிகளை எண்ணுவது

27 இன்ச் வாங்கினால் இன்னும் நல்லதுதானே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஒரு கடையில் சொன்னதை நம்பி 27 இன்ச் ஃபுல் எச்டி மானிட்டர் ஒன்று வாங்கி மாட்டினேன். திரையில் படம் சின்னச் சின்னப் புள்ளிகளால் ஆனது, பிக்சல் என்பது அதைத்தான். ஃபுல் எச்டி என்றால் அகலத்தில் 1920 புள்ளி, உயரத்தில் 1080 புள்ளி. திரை 24 இருந்தாலும் 27 இருந்தாலும் புள்ளிகள் அதேதான். பலூனில் எழுதிய எழுத்தை ஊதிப் பெரிதாக்கிய மாதிரி, ஒவ்வொரு புள்ளியும் பெரிதாகும், விஷயம் கூடாது. 24-ல் ஒரு இன்ச்சுக்கு 92 புள்ளி, 27-ல் 82.

இங்கிலீஷ் எழுத்துக்கு 82 ஒருவேளை போதும். தமிழுக்குப் போதாது. மூன்று சுழி ண, இரண்டு சுழி ன இரண்டும் சின்ன சைஸில் ஒரே கறையாகத் தெரியும். ஒரு குடியாத்தம் பார்ட்டியின் பத்திரிகை. பக்கம் முழுவதும் தெரிகிற மாதிரி சுருக்கி வைத்துக்கொண்டு புரூஃப் பார்த்தேன். ‘திருமண அழைப்பிதழ்’ என்பதில் சுழி ஒன்று குறைந்து ‘திருமன’ ஆகிவிட்டது. ஐந்நூறு பத்திரிகையும் அச்சாகி, மணப்பெண்ணின் மாமா கண்ணில்தான் முதலில் பட்டது. “சார், எங்க பொண்ணுக்கு மனம் மட்டும் போதுமா, மணம் வேணாமா?” என்று அவர் கேட்டதை எங்கள் சந்தில் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். மறு அச்சுச் செலவு என் தலையில். மானிட்டர் மேல் முழுப் பழியையும் போட முடியாது, என் கண்ணுக்கும் பங்கு உண்டு. ஆனாலும் அந்த மானிட்டரை விற்றுவிட்டேன்.

ஆகவே: 24 இன்ச் வரை ஃபுல் எச்டி போதும். 27-க்குப் போனால் 2560 × 1440 புள்ளி உள்ளதாக வாங்குங்கள், இன்ச்சுக்கு 109 புள்ளி வரும். லேப்டாப்பில் 1366 × 768 என்று எழுதியிருந்தால் புதிதாக வாங்க வேண்டாம், எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும். போனில் இந்தக் கவலை குறைவு. 6.5 இன்ச்சில் 720 × 1600 புள்ளி இருந்தாலே இன்ச்சுக்கு 270 வந்துவிடும், சுழி தெளிவாகத் தெரியும்.

வீட்டிலிருக்கிற 32 இன்ச் டிவியை மானிட்டராக்கலாமா என்று மாதத்துக்கு ஒருவராவது கேட்கிறார். எச்டி ரெடி என்று போட்டிருக்கிற டிவி பெரும்பாலும் 1366 × 768தான். இன்ச்சுக்கு 49 புள்ளி! பத்தடி தள்ளி சோபாவில் உட்கார்ந்து பார்ப்பதற்கானது அது. ஆன்லைன் கிளாஸ் பார்க்கலாம், டைப் செய்ய முயலாதீர்கள்.

நான்காவது வேலை: ஸ்கேலைத் திருத்துவது

புது லேப்டாப் வாங்கி வந்ததும் எழுத்து சின்னதாக இருக்கிறது என்று பலர் புள்ளிகளின் எண்ணிக்கையைக் குறைத்துவிடுகிறார்கள். அது தப்பு, எல்லாம் மங்கிவிடும். ரெசல்யூஷனை, அதாவது அந்தப் புள்ளி எண்ணிக்கையை, ‘ரெகமண்டட்’ என்று இருக்கிறதிலேயே விட்டுவிடுங்கள். விண்டோஸில் டெஸ்க்டாப்பின் வெறும் இடத்தில் ரைட் கிளிக் செய்து டிஸ்பிளே செட்டிங்ஸ் போனால் ‘ஸ்கேல்’ என்று இருக்கும். 100, 125, 150 சதவீதம் என்று மாற்றிப் பாருங்கள்.

ஆனால் இதற்கும் ஒரு விலை உண்டு. ஃபுல் எச்டி திரையில் 125 வைத்தால் உங்களுக்குக் கிடைக்கும் இடம் 1536 × 864 அளவுக்குச் சுருங்கும். 150 வைத்தால் 1280 × 720. பழைய 1366 திரையில் கிடைத்த இடத்தைவிடவும் குறைவு! எழுத்து மட்டும் கூர்மையாக இருக்கும். நாற்பது வயதைத் தாண்டியவர்கள் 14 இன்ச் ஃபுல் எச்டி வாங்கினால் எப்படியும் 150-ல்தான் வைப்பார்கள், அவர்களுக்கு 16 இன்ச் பொருத்தம். பையனுக்கு 14, அப்பாவுக்கு 16 என்று நான் சொல்வதன் காரணம் இதுதான்.

பிரவுசரில் மட்டும் எழுத்துப் பெரிதாக வேண்டுமென்றால் கன்ட்ரோல் சாவியை அமுக்கிக்கொண்டு பிளஸ் சாவியைத் தட்டுங்கள். ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸ், டிஸ்பிளே, அதற்குள் ஃபான்ட் சைஸ் என்றும் டிஸ்பிளே சைஸ் என்றும் இரண்டு இருக்கும். முதலாவது எழுத்தை மட்டும் பெரிதாக்கும், இரண்டாவது பட்டன், படம் எல்லாவற்றையும். அம்மாவுக்கு இரண்டையும் கடைசிவரை இழுத்துவிட்டால் பட்டன்கள் திரைக்கு வெளியே போய்விடும். ஒவ்வொரு படியாக ஏற்றி, அவர்கள் கையில் கொடுத்து வாட்ஸ்அப்பைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பது நல்லது. தமிழ் வார்த்தைகள் நீளம். ‘வட்டார வளர்ச்சி அலுவலர் அலுவலகத்திலிருந்து’ என்று ஒரு மெசேஜ் வந்தால், அகலம் குறைந்த நீட்டுப் போனில் பெரிய எழுத்தில் வரிக்கு ஒரு வார்த்தைதான் வரும். பெரியவர்களுக்கு போன் வாங்கும்போது இன்ச்சைப் பார்க்காமல் அகலத்தைப் பாருங்கள் என்று நான் மல்லுக்கட்டுவது இதனால்தான். அரை சென்டிமீட்டர் அகலம் கூடினாலும் அவர்களுக்கு அது பெரிய உபகாரம்.

ஐந்தாவது வேலை: கடையில் நின்று பார்ப்பது

படிக்கிற கண்ணாடி, டேப், ஏ4 பேப்பர், தினமும் தூக்கப்போகிற பை, இந்த நாலும் கையில் இருக்கட்டும். கடையில் ஓடுகிற டெமோ வீடியோவைப் பார்த்து ஏமாற வேண்டாம். கிளியும் அருவியும் எந்த ஸ்கிரீனிலும் அழகாகத்தான் இருக்கும். ஒரு தமிழ்ச் செய்தித்தளத்தைத் திறக்கச் சொல்லி, மானிட்டர் என்றால் ஒரு கை நீளம் தள்ளி நின்று ஐந்து வரி படியுங்கள். ண, ஞ, ஜ, ஹ இவை பிரிந்து தெரிகின்றனவா என்று பாருங்கள்.

அடுத்து வெளிச்சம். நம்ம ஊரை வேலூரா வெயிலூரா என்று கேட்பது சும்மா இல்லை. ஏப்ரல், மே மாதத்தில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தால் பளபளப்புக் கண்ணாடித் திரையில் உங்கள் முகம்தான் தெரியும். பளபளப்பில்லாத மேட் ஃபினிஷ் திரை கேளுங்கள். வெளிச்ச அளவை ‘நிட்ஸ்’ என்று சொல்வார்கள். 250 நிட்ஸ் ஏசி ரூமுக்குச் சரி, நம் வீடுகளுக்கு 300-க்கு மேல் வேண்டும். முடிந்தால் கடை வாசல் பக்கம் கொண்டுவந்து காட்டச் சொல்லுங்கள்.

பையில் போட்டுப் பாருங்கள். 15.6 என்பது திரை மட்டும், உடல் அதைவிடப் பெரிது. பழைய மாடல்களில் ஓரச் சட்டம் தடிமனாக இருந்தால் ஜிப் மூடாது. தோளில் மாட்டிக் கடைக்குள்ளேயே ரெண்டு சுற்று நடக்கச் சொல்லுங்கள். கூட்டமான டவுன் பஸ்ஸில் புது பஸ் ஸ்டாண்டிலிருந்து காட்பாடி வரை நின்றுகொண்டு போகிற பையனுக்கு அந்த எடை தெரியும். காட்பாடியிலிருந்து சென்னைக்கு ரயிலில் போய் வருகிறவர்கள் எங்களிடம் சொல்வது ஒன்றே ஒன்று: மடியில் வைத்து வேலை செய்ய 14-க்கு மேல் ஆகாது, பக்கத்துச் சீட்காரர் முழங்கை இடிக்கும்.

இன்னும் ஒரு யோசனை. லேப்டாப்பில் எல்லாவற்றையும் அடக்கப் பார்ப்பதை விட, தூக்கிப் போக 14 இன்ச் லேப்டாப், வீட்டு மேஜையில் 24 இன்ச் மானிட்டர் என்று பிரித்துக்கொண்டால் சுகம். ஒரே தவணையில் வாங்க வேண்டியதில்லை, மானிட்டரை அடுத்த தீபாவளிக்குப் பார்த்துக்கொள்ளலாம். லேப்டாப்பில் மானிட்டர் கேபிளை மாட்டுகிற எச்டிஎம்ஐ போர்ட் இருக்கிறதா என்று மட்டும் இப்போதே பார்த்துவிடுங்கள். கேபிளை மாட்டிவிட்டு விண்டோஸ் சாவியோடு ‘பி’ சாவியை அமுக்கினால், இரண்டிலும் ஒரே படமா, இரண்டும் சேர்ந்து ஒரே பெரிய மேஜையா என்று கேட்கும். ‘எக்ஸ்டெண்ட்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். ராணிப்பேட்டை தோல் கம்பெனி ஒன்றில் கணக்கெழுதுகிற என் தம்பி மகள் இப்படித்தான் வைத்திருக்கிறாள். ஒன்றில் பில், ஒன்றில் டேலி.

வீட்டுக்கு வந்த பிறகு

மானிட்டரின் மேல் விளிம்பு உங்கள் கண் மட்டத்துக்கு வரும்படி வையுங்கள். ஸ்டாண்டு குட்டையாக இருந்தால் அடியில் ரெண்டு பழைய டெலிபோன் டைரக்டரி வைக்கலாம், எங்கள் கடையில் அதுதான் இருக்கிறது. ஜன்னல் உங்கள் முதுகுக்குப் பின்னாலோ நேர் எதிரிலோ வேண்டாம், பக்கவாட்டில் இருக்கட்டும். இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை இருபதடி தள்ளி இருக்கிற எதையாவது இருபது விநாடி பாருங்கள்.

அட்டைப் பெட்டியை ஒரு வாரமாவது தூக்கிப் போடாதீர்கள். வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒவ்வொரு நிறத்திலும் ஒரு வெற்றுப் படத்தைத் திரை முழுக்க விரித்து, நிறம் மாறாமல் செத்துக் கிடக்கிற புள்ளி ஏதாவது இருக்கிறதா என்று ராத்திரியில் லைட்டை அணைத்துவிட்டுத் தேடுங்கள். இருந்தால் பில்லோடும் பெட்டியோடும் மறுநாளே கடைக்குப் போய்விட வேண்டும். மாற்றித் தருவதற்கு எத்தனை நாள் அவகாசம், எத்தனை புள்ளி செத்திருந்தால் ஒத்துக்கொள்வார்கள் என்பது கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும். வாங்கும் அன்றே கேட்டுப் பில்லின் பின்னால் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அணைக்கட்டுக்காரர் கடைசியில் 16:10 வடிவ 14 இன்ச் வாங்கினார். போன மாதம் திரும்ப வந்தார். இந்தத் தடவை பெரிய பெண்ணுக்குக் கல்யாணம், பத்திரிகை அடிக்க வேண்டும். புரூஃபை என் மானிட்டரில் காட்டினேன். பையன் முன்னால் குனிந்து, ‘மணமகள்’ என்ற இடத்தில் விரலை வைத்துச் சுழிகளை எண்ணினான்.